வேகாதவனுக்கு வாய்த்த சனி ஞாயிறு

சனிக்கிழமை காலை ஆற்றங்கரையில் படகுக்காரர் நீட்டிய மிதவைச் சட்டையைக் கையில் வாங்கியதுமே அவன் திருப்பிப் பார்த்தான். முந்தின நாள் யாரோ போட்டுக் கழற்றியது. உள்பக்கம் இன்னும் ஈரம். கழுத்துப் பட்டையில் பிசுக்கு ஏறிக் கறுத்து, நகத்தால் சுரண்டினால் கையோடு வரும்போல் இருந்தது. இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

“மாட்டு மாப்ளே, அது உன்னக் கடிச்சிடாது,” என்றார் மாமா.

மாமா என்றால் அக்காவின் புருஷன். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்தவரைத் திருப்பு, நிறுத்து என்று சொல்லியே இருபது வருடம் ஓட்டிவிட்டதால் வீட்டிலும் அதே பழக்கம். இந்தக் கோடை விடுமுறைப் பயணத் திட்டத்தையும் அவர்தான் போட்டார். சனிக்கிழமை காலை ஆற்றில் படகு, மதியம் ஏரியில் நீச்சல், சாயங்காலம் கூடாரம் அடித்துக் கோழி சுடுவது, ஞாயிறு விடியும்போது மலையேற்றம், இறங்கி வந்து அருவிக் குளியல். போகிறவர்கள் நாலே பேர்: மாமா, அக்கா, அவன், அவன் மனைவி. ஒரு வாரத்துக்கு ஆகிற கூத்தை இரண்டு நாளில் திணித்து வைத்திருந்தார் மனுஷன்.

அவன் வேலை பெரிய குளிர்க்கிடங்குகளில் இயந்திரம் பழுதுபார்ப்பது. வயது நாற்பத்து மூன்று. நாலு வருடமாக இறைச்சி, மீன், முட்டை, பால், தயிர், வெண்ணெய், தேன் எதையும் தொடுவதில்லை. அப்படிச் சாப்பிடுகிறவனை வீகன் என்பார்கள் என்று மனைவி ஒருநாள் விளக்கியபோது, மாமா ஒரே மூச்சில் அதை ‘வேகாதவன்’ ஆக்கிவிட்டார். சொந்தக்காரர்கள் மத்தியில் அதுவே நிலைத்துவிட்டது. கல்யாண வீடுகளில்கூட, “வேகாதவருக்குத் தனியா இலை போட்டாச்சா?” என்று பந்தியில் கேட்பார்கள்.

எல்லோரும் நினைப்பதுபோல் அவன் ஜீவகாருண்யம் பார்த்து மாறியவன் இல்லை. நாய்க்குட்டி காலை நக்கினால் சோப்புப் போட்டுக் கழுவுகிற ஆள். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு கோடையில், முதலாளி ஊரில் இல்லாத நேரம் ஒரு கிடங்கில் இயந்திரம் நின்றுபோய் ஐந்து நாள் யாரும் கவனிக்கவில்லை. கதவை முதலில் திறந்தவன் அவன்தான். அட்டைப்பெட்டிகள் நனைந்து சரிந்து கிடந்தன. பால் பைகள் செத்த எலியின் வயிறுபோல் உப்பியிருந்தன. தரையில் இளஞ்சிவப்பாக ஏதோ வழிந்து வந்து அவன் பூட்ஸைத் தொட்டது. அன்றைக்குப் பகல் முழுக்க மண்வாரியால் அள்ளிக் கொட்டினான். வீட்டுக்கு வந்ததும் மனைவி டீயில் பாலை ஊற்றினாள். அந்த வெள்ளை கறுப்பில் கலந்து பரவுவதைப் பார்த்தவன் எழுந்து குளியலறைக்கு ஓடினான். ஒரு மாதத்தில் சரியாகிவிடும் என்றார் டாக்டர். ஆகவே இல்லை.

அன்றிலிருந்து அவன் வாயில் ஒரு சொல் ஒட்டிக்கொண்டது. யார் எதைத் தின்றாலும், “சே, கருமம்.” மனைவி ஆம்லெட் போட்டால் சே. அக்கா மீனுக்கு மஞ்சள் தடவினால் சே. முகத்தைச் சுளித்துக்கொண்டு பால்கனிக்குப் போய் நின்றுகொள்வான். ஆரம்பத்தில் எல்லோரும் வருத்தப்பட்டார்கள். அப்புறம் சிரித்தார்கள். அப்புறம் யார் காதிலும் அது விழுவதே நின்றுபோனது.

ஆறு அவன் பயந்ததைவிட மோசமாக இருந்தது. கோடையில் தண்ணீர் வற்றி, ஓரமெல்லாம் பழுப்பு நுரை. அதில் ஒற்றைச் செருப்பு, பிளாஸ்டிக் பை, யாரோ குழந்தைக்குக் கட்டிய அரைத்துணி. மாமா துடுப்பை அடித்த அடியில் அந்தத் தண்ணீர் அவன் உதட்டில் தெறித்தது. வாயை இறுக மூடிக்கொண்டு கரை வரும்வரை எச்சில்கூட விழுங்கவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த அக்கா திரும்பிப் பார்த்து, “என்னடா, விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி இருக்க?” என்றாள். பதில் சொல்ல வாயைத் திறக்க வேண்டுமே. தலையை மட்டும் ஆட்டினான். அவன் மனைவி மட்டும் கையைத் தண்ணீரில் விட்டு அளைந்தபடி, சின்னப் பெண்போல் சிரித்துக்கொண்டு வந்தாள். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள். அவளுக்கு இந்த இரண்டு நாள் பெரிய விஷயம்.

மதியம் ஏரிக்கரையில் மாமாவின் வேனைத் திறந்தபோது உள்ளே அனலடித்தது. பின்சீட்டுக்குக் கீழே நீல நிறத்தில் ஐஸ்பெட்டி. தன்னுடைய தண்ணீர் பாட்டிலை எடுக்க அவன் மூடியைத் தூக்கினான். ஐஸ் ஒரு துண்டுகூட இல்லை. எல்லாம் உருகி, கிழிந்த கோழிப் பையிலிருந்து கசிந்த மசாலாவோடு கலந்து சிவந்து நின்றது. அதில் அவன் பாட்டில் மிதந்தது. பக்கத்தில், அக்கா வீட்டிலேயே பச்சை முட்டையை அடித்துச் செய்து கொண்டுவந்த சாஸ் டப்பா. விரலை வைத்துப் பார்த்தான். இருபது வருடம் குளிரோடு பழகிய விரல். கை கழுவ வைத்த வெந்நீர் ஆறினால் இருக்குமே, அந்தச் சூடு.

அவனுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கோழியும் அந்தச் சாஸும் குப்பைக்குப் போக வேண்டியவை. கிடங்கில் என்றால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, கையெழுத்துப் போட்டு, நின்று கொட்டவைத்திருப்பான்.

மூடியை மடாரென்று சாத்தி, “சே, கருமம்! இதையா திங்கப் போறீங்க?” என்றான்.

“ஆரம்பிச்சிட்டான்யா வேகாதவன்,” என்றார் மாமா.

அக்கா சிரித்தாள். மனைவியும் சிரித்தாள். அவன் விரலைச் சட்டையில் மூன்று முறை துடைத்துக்கொண்டான். இன்னும் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். ஐஸ் போய் நாலு மணி நேரமாவது ஆகியிருக்கும், கெட்டுப்போச்சு, கொட்டிடுங்க என்று. அது நாக்கு நுனிவரை வந்தது. அவர்கள் சிரித்த சிரிப்பைப் பார்த்ததும், ‘தின்னட்டும், நமக்கென்ன’ என்று உள்ளே ஏதோ ஒன்று கைகட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

சாயங்காலம் மாமா கரியை ஊதி ஊதிக் கோழியைச் சுட்டார். கொழுப்பு சொட்டச் சொட்டப் புகை திரும்பித் திரும்பி அவன் பக்கமே வந்தது. பச்சைக் கோழியைப் புரட்டிய அதே இடுக்கியால் மாமா அவனுடைய உருளைக்கிழங்கையும் புரட்டி, விரலை ஒருமுறை நக்கிவிட்டுத் தட்டை நீட்டினார். “இது உனக்கு ஸ்பெஷல் மாப்ளே.” அவன் அதைப் புல்லில் வைத்துவிட்டு, கொண்டுவந்த வேர்க்கடலையையும் வெள்ளரிக்காயையும் எடுத்துக்கொண்டு தள்ளிப்போய் ஒரு கல்லில் உட்கார்ந்தான். அங்கிருந்து பார்த்தால் மனைவி ஒரு கோழிக்காலைச் சாஸில் முக்கிக் கடிப்பது தெரிந்தது. எலும்பை ஒட்டிய இடம் ரோஜா நிறத்தில் இருந்தது. பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு கடலையை மென்றான்.

ஞாயிறு காலை, வெளிச்சம் வரத் தொடங்கியதுமே மாமா எல்லோரையும் உலுக்கி எழுப்பினார். மலைப்பாதையில் ஒரு மணி நேரம் ஏறியிருப்பார்கள். முன்னால் போன மாமா சட்டென்று நின்றார். வழியைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புதருக்குள் ஓடினார். அங்கிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு அக்கா முதலில் சிரித்தாள். கால் மணி நேரத்தில் அவளும் அடுத்த புதருக்குப் பின்னால் இருந்தாள்.

“எனக்கு ஒண்ணுமில்ல,” என்று மனைவி இரண்டு முறை சொன்னாள். மூன்றாவது முறை சொல்லவரும்போது உதடு வெளுத்து, அப்படியே பாறையில் சாய்ந்துவிட்டாள்.

அவன் ஓடிப்போய் நெற்றியைப் பிடித்தான். வாந்தி அவன் மணிக்கட்டில் சூடாக விழுந்து முழங்கைவரை வழிந்தது. அந்தக் கிடங்கின் நாற்றம் அப்படியே மூக்குக்கு வந்துவிட்டது. கையை எடுக்கவில்லை. ஆனால் முகத்தை முழுக்க அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் நிமிர்ந்தபோது கண்ணில் பட்டது அவனுடைய பிடரிதான்.

இறங்குவதற்கு மூன்று மணி நேரம் பிடித்தது. நாலு பையும் அவன் முதுகில். ஒரு தோளில் மாமா, மறு கையில் மனைவி. அக்கா பின்னால் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “டேய் தம்பி, மெதுவா போடா” என்று முனகியபடி வந்தாள். பத்தடிக்கு ஒருமுறை யாராவது உட்கார்ந்தார்கள். ஓரிடத்தில் மாமாவால் ஒதுங்கக்கூட முடியவில்லை. அவன் கழுத்துக்குப் பின்னாலேயே எல்லாம் கொட்டி, காலருக்குள் இறங்கி, முதுகெலும்பு வழியாக ஊர்ந்தது. எங்கிருந்தோ ஈக்கள் வந்துவிட்டன. ஒரு ஈ அவன் உதட்டோரத்தில் உட்கார்ந்தது. விரட்ட ஒரு கை காலியாக இல்லை.

அந்த நடையில்தான் அவனுக்கு ஒன்று உறைத்தது. மாமா முதலில் புதருக்குள் ஓடியபோது தன் மனசில் ஒரு இனிப்புச் சுரந்தது நினைவுக்கு வந்தது. அரை நிமிடம்கூட இருந்திருக்காது. ஆனால் சுரந்தது நிஜம். முதுகில் வழிவதைவிட அது அதிகம் நாறுவதாகப் பட்டது. இதைத் துடைக்க எந்தச் சட்டையும் உதவாது.

அடிவாரத்து ஆஸ்பத்திரியில் மூன்று கட்டிலில் மூவரையும் போட்டு டிரிப்ஸ் ஏற்றினார்கள். இளவயது டாக்டரம்மா, “என்ன சாப்பிட்டீங்க? எங்க வச்சிருந்தீங்க?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தார். ஐஸ்பெட்டி என்றதும், “ஐஸ் இருந்துச்சா?” என்றார்.

மனைவி கண்ணை மூடியபடியே சொன்னாள். “இவர்கிட்ட கேளுங்க டாக்டர். இவருக்கு அதுதான் வேலை. குளிர் மெக்கானிக்.”

டாக்டரம்மா அவன் பக்கம் திரும்பினார். “அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?”

அங்கே ஏதாவது பொய் எழுதியிருக்குமா என்று தேடுவதுபோல் அவன் சுவரைப் பார்த்தான். “தெரிஞ்சுது,” என்றான்.

“சொல்லலையா?”

“சொன்னான், சொன்னான்,” என்று மாமா பக்கத்துக் கட்டிலிலிருந்து ஈனக்குரலில் சொன்னார். “நாங்கதான் கேக்கல. வேகாதது இவன் இல்லம்மா, கோழிதான்.” சிரிக்கப்போய் இருமி, பாத்திரத்தைத் தேடினார்.

மாமா பெரிய மனசு பண்ணி எடுத்துக்கொடுத்த அந்தப் பொய்யை வாங்கிக்கொள்ள அவனால் முடியவில்லை. வெளியே போய்க் குழாயடியில் சட்டையைக் கழற்றிக் கசக்கினான். மஞ்சளாக, நூல் நூலாக ஓடியது. கசக்கக் கசக்க அவனுக்கும் வந்துவிட்டது. வெறும் கடலையும் வெள்ளரிக்காயும்தான்; ஆனாலும் மற்றவர்கள் எடுத்ததைப்போலவே நாறியது.

சாயங்காலம் மூவரும் தெளிந்துவிட்டார்கள். அருவியை யாரும் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை. கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டு அவன்தான் வேனை ஓட்டினான். பின்சீட்டில் படுத்திருந்த மாமா, வாழ்க்கையிலேயே முதல்முறையாக, எந்த வளைவிலும் எதுவும் சொல்லவில்லை.

மனைவி இரண்டு நாள் அளந்து பேசினாள். செவ்வாய்க்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தபோது, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள். “நான் அந்தக் கோழிய எடுக்கும்போது பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?”

“ஆமா.”

“எதுக்குச் சொல்லல?”

“சே-ன்னு சொன்னேனே.”

“அது நீங்க தயிருக்கும் சொல்வீங்க, தேனுக்கும் சொல்வீங்க. நான் பல்லு விளக்காம காபி குடிச்சாலும் சொல்வீங்க. எனக்கு எப்படித் தெரியும்?” மடித்த சட்டையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். “அருவருப்பு உங்களோடதுங்க. உசுரு என்னோடது.”

அவன் மன்னிப்புக் கேட்டான். அந்த வார்த்தை அவர்கள் வீட்டில் அதிகம் புழங்காதது. இருவருக்குமே கூச்சமாக இருந்தது. அவள் “சரி விடுங்க” என்று சொல்லவில்லை. எழுந்து துணிகளை அலமாரியில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அவன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். மனைவி ஃபிரிட்ஜிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து நேராக அவன் மூக்கருகே கொண்டுவந்து நீட்டினாள். முந்தாநாள் மீன். குழம்பு உறைந்து, மேலே ஆடைபோல் எண்ணெய். மீன் கண் ஒன்று அவனையே பார்த்தது.

“நல்லா இருக்கா, கொட்டிரலாமா?”

நாலு வருடத்தில் அவள் அவனிடம் இப்படி எதையும் கொண்டுவந்ததில்லை. அவன் குனிந்தான். கண்ணை மூடாமல், மூக்கை நன்றாக உள்ளே விட்டு ஒரு மூச்சு இழுத்தான். இன்னொன்றும் இழுத்தான். கிண்ணத்தின் அடியில் விரலை வைத்துப் பார்த்தான்.

“நல்லா இருக்கு. கொதிக்கவச்சுச் சாப்பிடு. நாளைக்கு வேண்டாம்.”

சொல்லிவிட்டு வேகமாகக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். அவன் ஓங்கரிக்கும் சத்தம் சமையலறைவரை கேட்டது. அவள் அடுப்பைப் பற்றவைத்து, ஜன்னலை முழுசாகத் திறந்துவிட்டாள்.