நாலாவது டிஸ்க்

“ஒண்ணு, சிஸ்டம். ரெண்டு, டேட்டாபேஸ். மூணு, பேக்கப். நாலு, இது.” டிஸ்க் அக்கா காலையில் வந்ததும் கைப்பையைக்கூட இறக்காமல், திரையில் விரலை வைத்து வரிவரியாக வாய்விட்டுப் படிப்பார். எல்லாம் ஆஜர் என்று தெரிந்த பிறகுதான் மெஷினை ஏற்றுவார். அதற்கப்புறம்தான் நாற்காலியில் உட்காருவார்.

அவர் கட்டி மேய்ப்பது விர்ச்சுவல் மெஷின்களை. கணினிக்குள்ளேயே இன்னொரு கணினி, நாங்கள் புரோகிராம் எழுதிச் சோதித்துப் பார்க்க. அதற்கு இரும்பும் கிடையாது, ஒயரும் கிடையாது. ஒரு ஃபைலில் ‘இத்தனை டிஸ்க், இன்ன பெயர், இவ்வளவு இடம்’ என்று எழுதிவைத்து, ஏற்று என்று கட்டளை கொடுத்தால் போதும், எழுந்து நின்றுவிடும். அந்த ஃபைல் அக்காவின் பொறுப்பு, டிஸ்க் அக்கா என்ற பெயரும் அதனால் வந்ததுதான். எங்கள் ஆபீசில் இருபத்திரண்டு பேர். யாருக்கு இடம் போதாவிட்டாலும் இவர் முன்னால் வந்துதான் நிற்கவேண்டும். நானும் நின்றிருக்கிறேன். “அப்படி என்னத்தடி போட்டு அடைச்சே?” என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார்.

நாற்பத்தொரு வயது. அண்ணன் வீட்டு மாடியறையில் இருக்கிறார். அண்ணி வாரத்துக்கு ஒரு மாப்பிள்ளை போட்டோவை போனில் அனுப்புவார். “பாக்கலாம் அண்ணி” என்று பதில் போகும். பார்த்ததாகச் சரித்திரமே இல்லை. டீயை நன்றாக ஆறவிட்டுத்தான் குடிப்பார். பேனா இரவல் கொடுத்தால் மூடியைத் தன்னிடமே வைத்துக்கொள்வார், பேனா திரும்பி வரட்டும் என்று.

நான் சேர்ந்த இரண்டாவது வாரம் ஒரு கூத்து நடந்தது. நாலாவது டிஸ்க்கை யாரும் தொடுவதே இல்லை என்று கண்டுபிடித்து, பெரிய புத்திசாலி மாதிரி அதன் வரியை ஃபைலிலிருந்து எடுத்துவிட்டேன். எடுத்ததோடு நிற்காமல், சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்காவிடம் போய்ப் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். எச்சில் கையோடு எழுந்து ஓடி வந்தார்.

“மெஷினை ஏத்திட்டியா?”

“இன்னும் இல்லக்கா.”

“பேரை எடுத்துட்டு ஏத்தினா டிஸ்க்கே போயிடும். அழிக்கட்டுமான்னு ஒரு வார்த்தை கேக்காது.” இடது கையாலேயே அந்த வரியைத் திரும்ப அடித்தார். ஒரு டிஸ்க்குக்கா இவ்வளவு என்று நினைத்தேன்.

அது பக்கத்து சீட்டுக்காரருடையது. இப்போது நான் உட்காரும் சீட்டு. ஐந்து வருடம் அக்காவோடு ஒரே மேசையில் வேலை பார்த்தவர், மூன்று வருடத்துக்கு முன்னால் வேலை மாறி வெளியூர் போய்விட்டார். போகிற அன்றைக்கு, “என் டிஸ்க்கை அழிச்சிடாதீங்க, நானே வந்து எடுத்துக்கறேன்” என்றாராம். அதில் ‘நானே வந்து’ என்பதை மட்டும் அக்கா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. கேட்டால், “அடுத்தவங்க பையைத் துழாவுவியா நீ?” என்பார்.

“அவரைப் பிடிச்சிருந்துச்சாக்கா?” என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

மறைக்கவில்லை. “ரொம்ப. வருவார்னு தினமும் நினைக்கிறேன்டி. நினைக்கக் கூடாதுன்னும் தினமும் நினைக்கிறேன்.”

போன வாரம் சர்வரில் இடம் தீர்ந்துபோனது. மேனேஜர் வந்து நின்றார். “அந்த நாலாவது அறுபது ஜிபி சும்மாதானே கெடக்கு? வெள்ளிக்கிழமைக்குள்ள எடுத்துடுங்க. இல்லன்னா பாதியாக் கொறைங்க.”

“பெருக்கலாம் சார். சுருக்க முடியாது.” உண்மைதான், எங்கள் டூல் அதற்கு விடாது.

“அப்ப எடுத்துடுங்க. யாரோடதோ, அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.”

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அக்கா அவருக்கு போனில் இரண்டு வரி எழுதினார். ‘எப்படி இருக்கீங்க’ என்பதைப் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். ‘உங்க டிஸ்க் இருக்கு. வந்து எடுத்துக்கறீங்களா, அழிச்சிடவா?’ என்று முடித்து, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினார். மூன்று வருடத்தில் அக்கா அவருக்கு அனுப்பிய முதல் செய்தி அது. நாலே நிமிடத்தில் பதில் வந்தது. எனக்கும் படித்துக் காட்டினார்: ‘அட, அது இன்னுமா இருக்கு? அழிச்சிடுங்க மேடம். தேங்க்ஸ்.’

“மேடமாம்,” என்றார். முன்பெல்லாம் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாராம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனிதர் எதிரில் இருந்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டிருப்பேன். அவர் மேல் தப்பில்லை என்று தெரியும். தெரிந்தால் கோபம் வராதா என்ன?

“ஒரு காப்பி எடுத்து வெளியில வெச்சுக்கலாமேக்கா. யாருக்குத் தெரியப் போகுது?”

“அவரே வேணாம்னு விட்டதை நான் எதுக்குடி வெச்சுக்கணும்?”

வரியை அவரே எடுத்தார். ஃபைலைச் சேமித்தார். மெஷினை ஏற்றும் கட்டளையையும் அடித்தார். என்டர் தட்டுவதுதான் பாக்கி. கீபோர்டை என் பக்கம் தள்ளிவிட்டு, நாற்காலியோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நீ தட்டு. ஆனதும் சொல்லு.”

தட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“போயிடுச்சுக்கா.”

“நல்லாப் பாத்தியா?”

“பாத்துட்டேன்க்கா.”

“இன்னொரு தடவ பாரு.”

பார்த்தேன். இல்லை என்றேன். அக்கா திரும்பாமலேயே கையை மட்டும் பின்பக்கமாக நீட்டினார். எதைக் கேட்கிறார் என்று விளங்காமல் கீபோர்டை எடுத்துக் கொடுத்தேன். அதைத் தள்ளிவிட்டு, என் விரல்களைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.