சாப்பாட்டுக்கு ஒரு தலைப்பு

என் வீட்டுக்காரருக்கு ஆபீஸில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். என்னத்தைச் சொல்லிக் கொடுத்தார்களோ, மனுஷர் வந்ததும் வராததுமாக ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டினார். ராத்திரிச் சாப்பாட்டின்போது குடும்பம் மனம்விட்டுப் பேச வேண்டுமாம். திங்கள் நேர்மை, செவ்வாய் நேரத்தின் அருமை, புதன் நாட்டு நடப்பு. சொந்த விஷயங்களுக்குச் சனிக்கிழமை. அடேங்கப்பா! கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இருப்பதே இரண்டு அறை, மூன்று பேர். அதற்கு ஓர் அட்டவணை!

டிவியை அணைத்துவிட்டு ஆரம்பிப்பார். பேச்சு என்னவோ அவருடையது மட்டும்தான். அரைத்த மாவையே அவர் அரைக்க அரைக்க, தட்டில் ரசம் ஆறிப்போகும். மகள் தலையைக் குனிந்துகொள்வாள். நான் அடுப்படியில் சப்பாத்தி போட்டுக்கொண்டிருப்பேன். "இன்னொண்ணு கொண்டா" என்பதைத் தவிர என்னிடம் பேச அவருக்குத் தலைப்பு கிடையாது.

மகள் பத்தாவது முடித்திருந்த சமயம். பதினொன்றில் என்ன பாடம் என்று எழுதிக் கொடுக்கப் பள்ளிக்கூடத்தில் ஃபாரம் தந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். பெண்ணை டாக்டராக்கப்போவதாக இவர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அவளுக்கோ சயன்ஸ் என்றாலே ஆகாது. புதன்கிழமை வாயைத் திறந்தாள்.

"அப்பா, ஸ்கூல் ஃபாரம் பத்தி ஒண்ணு சொல்லணும்."

"இன்னைக்கு நாட்டு நடப்பு. அது சொந்த விஷயம். சனிக்கிழமை சொல்லு."

"இல்லப்பா, ஜல்தி குடுக்கணும்..."

"எதுக்கும் ஒரு முறை வேணாமா? சனிக்கிழமை!"

எனக்கு வந்த ஆத்திரத்தில் சப்பாத்தி கருகிப்போயிற்று. அதையே அவர் தட்டில் போட்டேன். பேச்சு சுவாரஸ்யத்தில் அதையும் தின்றார்.

மறுநாள் சாயங்காலம் மகள் அடுப்படிக்கு வந்து அழுதாள். "எனக்கு ஹிஸ்டரி போதும்மா. அவ்வளவுதான்." மாவுக்கையைத் துடைத்துக்கொண்டு ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டேன். அவரிடம் சொன்னேனா? எதற்கு? அன்று வியாழக்கிழமை.

சனிக்கிழமையும் வந்தது. ஐயா சாதத்தைப் பிசைந்துகொண்டே பெரிய மனது பண்ணினார். "ம், இப்ப சொல்லு. என்னமோ ஃபாரம்னியே?"

"நேத்தே குடுத்தாச்சுப்பா. ஆர்ட்ஸ்."

பிசைந்த கை நின்றது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சொல்ல வந்தேனேப்பா."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகம் செத்துப்போயிருந்தது. ஐயோ பாவம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. இன்று நினைத்தாலும் தோன்றவில்லை.