அவள் பதிவு செய்த காலைப்பொழுது

எங்கள் பள்ளிக்கூடத்தில் நூலகம் என்று ஓர் அறை இருப்பதே பாட்காஸ்ட் வந்த பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. நான் தமிழாசிரியை. போடியில் பெண்பிள்ளைகள் படிக்கிற பள்ளி. நூலகப் பொறுப்பு இப்படிப்பட்ட பள்ளிகளில் தமிழ் டீச்சர் தலையில்தான் விழும். கணக்கு டீச்சரிடம் கேட்டால் முறைப்பார். நாங்கள் முறைத்தால் யாரும் பயப்படுவதில்லை. பிள்ளைகள் பேசிப் பதிவு செய்ய வேண்டும், அதைப் பெற்றோர் கேட்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்ததும் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "நீங்கதான் நல்லாப் பேசுறீங்களே" என்றார். என் வாயை நானே திட்டிக்கொண்டு சாவியை வாங்கினேன்.

அறையில் பேசினால் கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி எதிரொலித்தது. போதாக்குறைக்குப் பக்கத்துச் சாலையில் பஸ்சு ஹாரன். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அப்பா ஏலக்காய் வியாபாரி. அவர் பழைய சாக்குகளைக் கட்டாகக் கட்டி ஆட்டோவில் அனுப்பி வைத்தார். அவற்றைச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டோம். எதிரொலி அடங்கியது. ஆனால் ஏலக்காய் வாசனையும் சாக்குத் தூசியுமாகப் பிள்ளைகள் தும்மித் தீர்த்தார்கள். மின்விசிறியின் இரைச்சல் வேறு. கடைசியில் கரண்டு போகிற நேரம் பார்த்துத்தான் பதிவு செய்வது என்று வழக்கமாகிவிட்டது. கரண்டு போனால் மற்ற வகுப்புகளில் சலிப்பு எழும், எங்கள் அறையில் "ஐ!" என்று கூச்சல் எழும்.

பதிவுகளைப் பள்ளியின் இணையப் பக்கத்தில் ஏற்றி, பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினோம். முதலில் யாரும் கேட்கவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. கும்பிடுகிற கையும் ரோஜாப்பூவும் மட்டும் அனுப்புகிறார்கள், ஒரு வார்த்தை கேட்டதாகக் காணோம். அப்புறம் ஒரு ஜீப்பு ஓட்டுநர் வந்தார். அவர் மகளும் இங்கே படிக்கிறாள். விடிவதற்கு முன்பே போடியிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போகிற ஜீப்பு. கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் கிடைக்காது என்பதால் கிளம்பும்போதே பதிவை இறக்கி வைத்துக்கொள்வார். மலை ஏறும்போது ஜீப்பின் ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். "சினிமாப் பாட்டு போட்டா இப்பச் சண்டைக்கு வர்றாளுக டீச்சர். புள்ளைக பேச்சப் போடுங்கிறாளுக" என்று சொல்லிச் சிரித்தார். வளைவுகளில் வாந்தி எடுக்கிறவர்கள்கூட மகள் குரல் வந்தால் அதை மறந்துவிடுவார்களாம். எனக்கு அன்று தலைகால் புரியவில்லை. ஒரு வாரத்துக்கு யாரையும் திட்டவில்லை.

அப்போதுதான் அந்தப் பிள்ளை வந்தாள். ஏழாம் வகுப்பு. வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட உதடு மட்டும்தான் அசையும். மைக்கின் முன்னால் உட்கார்ந்ததும் வேறு ஆளாகிவிட்டாள். "எங்கள் வீட்டுக் காலை" என்பது தலைப்பு. கையில் தாள் எதுவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பேசினாள். அம்மா கன்னத்தைத் தட்டித் தன்னை எழுப்புவாள் என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம்" என்று புரண்டு படுத்தால் போர்வையை இழுப்பாள். மடியில் உட்காரவைத்துத் தலை சீவி இரட்டைச் சடை பின்னுவாள். தோசைக்கல்லில் சுட்ட முதல் தோசையைத் தனக்கே வைப்பாள். பள்ளிக்குப் போகும்போது தெருமுனை திரும்புகிற வரைக்கும் வாசலில் நிற்பாள். "நான் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். எத்தனை தடவை பார்த்தாலும் எங்க அம்மா நிப்பாங்க" என்று முடித்தாள். ஒரு தும்மல்கூட விழவில்லை. கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பொறாமையாக இருந்தது. என் வீட்டுக் காலை என்பது நான் கத்துவது, என் மகன்கள் காதில் வாங்காமல் இருப்பது, அவ்வளவுதான். அன்று மாலையே அதை அனுப்பிவிட்டேன்.

இரண்டொரு நாளில் மதியம் ஒரு பெண் நூலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். விரல் நுனிகள் காய் பறித்துக் கறுத்திருந்தன. அந்தப் பிள்ளையின் அம்மா, அன்று வேலைக்குப் போகவில்லை என்று சொன்னாள். நாற்காலியைக் காட்டினேன். சாக்குச் சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"நானும் அந்த ஜீப்புலதான் டீச்சர் போறேன்" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் அவளே சொன்னாள். மலை ஏறிக்கொண்டிருக்கும்போது மகள் குரல் வந்ததாம். தோசை சுட்டுப் போட்டதாக மகள் சொன்னதும் பக்கத்தில் இருந்தவள், "ஏ, நீ இங்கன எங்களோட இடிபட்டுக்கிட்டு வர்ற, அங்கன எவடி தோச சுட்டா?" என்று கேட்க, ஜீப்பே சிரித்ததாம். அந்தச் சிரிப்பு சட்டென்று அடங்கியும் போனதாம். அங்கிருந்த அத்தனை பேர் வீட்டிலும் அதே கதைதானே.

"அழுகையில கடைசி எனக்குக் கேக்கல டீச்சர். ஒருக்கா போடுங்க."

போட்டேன். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு கேட்டாள். முடிந்த பிறகும் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ எந்திரிக்கயில நான் மெட்டத் தாண்டியிருப்பேன். அவளே சட போட்டுக்கிருவா, அவளே சோறு வடிச்சுக்கிருவா. நான் ராத்திரி வந்தா எனக்கும் எடுத்து வச்சிருப்பா. அவுக அப்பா எங்கள விட்டுட்டுப் போனப்பக்கூட ஒரு வார்த்த கேட்டதில்ல. இம்புட்டு ஆசைய மனசுக்குள்ள வச்சுக்கிட்டா டீச்சர் இருந்திருக்கா?"

வாய் இருக்கிறது என்று எனக்குக் கொடுத்த வேலை. அன்று அந்த வாயால் பதிவை எடுத்துவிடட்டுமா என்று மட்டும் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அடுத்த வாரம் அவள் ஜீப்பை விட்டாள். போடியிலேயே ஒரு சரக்குக் கிட்டங்கியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். மலையில் கிடைக்கிற கூலி இங்கே கிடைக்காது. ஆனால் பள்ளிக்கூட மணி அடித்த பிறகு போனால் போதும்.

அந்தப் பிள்ளை அதற்கப்புறம் பள்ளிக்குத் தாமதமாக வர ஆரம்பித்தாள். ரிப்பன் வைத்த இரட்டைச் சடை, கையில் தோசை டப்பா. வகுப்பில் பேசினாள், சிரித்தாள், பின்பெஞ்சில் ஒருத்தியின் சடையை இழுத்தாள். அவளை நான் முதன்முதலாகத் திட்டிய நாளில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையாகவே சந்தோஷம். ஒரு நாள் என்னிடம் வந்து, "எங்க அம்மாவுக்கு வகிடு எடுக்கவே வரல டீச்சர், கோணிக்கிட்டுப் போகுது. நானே போட்டுக்கிருவேன்னாலும் விட மாட்டேங்குறாங்க" என்று புகார் சொன்னாள். புகார் சொல்கிற முகமா அது! வகிடு கோணலாகத்தான் இருந்தது. எனக்கு அதை ஊருக்கே காட்ட வேண்டும்போல இருந்தது.

ஒரு மாதம் அப்படிப் போனது. அந்த வருஷம் மேலே மழை ஏமாற்றிவிட்டது. செடி காய்ந்தது, காய் வரத்து குறைந்தது, கிட்டங்கியில் புதிதாகச் சேர்ந்தவர்களை முதலில் நிறுத்தினார்கள். அவள் பழைய ஜீப்புக்குப் போனாள். அவள் இடத்தில் பக்கத்துச் சிலமலை ஊர்ப் பெண் ஒருத்தி போய்க்கொண்டிருந்தாள். இருக்கிறவர்களுக்கே மேலே வேலை இல்லை என்று ஓட்டுநர் கையைப் பிசைந்தார். யாரைக் குறை சொல்வது? மழையைத் திட்டிப் பார்த்தேன், ஆறவில்லை. கடைசியில் கேரளத்துக்குள்ளே ரொம்ப தூரத்தில் ஒரு தோட்டத்தில்தான் வேலை கிடைத்தது. அங்கேயே தங்க வேண்டும். எப்போதாவது ஒரு சனிக்கிழமை வந்து போகலாம்.

பிள்ளையைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு அவள் போனாள். முன்பாவது ராத்திரி அம்மா வீட்டுக்கு வந்தாள். இப்போது அதுவும் இல்லை. ஓர் ஆசை நிறைவேறியதற்கு இப்படியா கூலி கேட்பார்கள்? எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

அம்மா ஒரு நாள் எனக்குப் போன் செய்தாள். காற்றுச் சத்தம் காதை அடைத்தது.

"இங்கன ஒரு பாற மேல ஏறுனாத்தான் டீச்சர் சிக்னலு. சாயங்காலம் சோலி முடிஞ்சதும் ஏறி, அவ பேச்ச ஒருக்கா கேட்டுட்டுத்தான் கஞ்சி வப்பேன். கூட இருக்க மலையாளச் சேச்சிமாருக்கும் போட்டுக் காட்டுவேன். எம் போனுல ஏத்தி வைக்க எடம் இல்ல. பள்ளிக்கூடத்து நெட்டுப் பக்கத்துல இருந்து அத எடுத்துறாதீங்க."

எடுக்க மாட்டேன் என்றேன்.

பிள்ளை மறுபடி சரியான நேரத்துக்கு வந்தாள். வகிடு நேராக இருந்தது. உதடு மட்டும் அசைந்தது. அவளைப் பார்க்கும்போதெல்லாம் பாடம் நடத்துகிற சாக்கில் பலகையின் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஒரு நூலக வகுப்பில், புதிதாகச் சேர்ந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகப் பழைய பதிவுகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பதிவு முடிந்தால் அடுத்தது தானாக ஓடும். திடீரென்று அவள் குரல் வந்தது. பதிவில் அம்மா கன்னத்தைத் தட்டினாள். புத்தகம் எடுக்க வந்து அலமாரி ஓரம் நின்றிருந்த அவள் என்னிடம் நேராக வந்தாள். நான் எட்டி அதை நிறுத்தினேன்.

"டீச்சர், அத எடுத்துருங்க."

பொய் சொல்லிவிட்டோம் என்று கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன். "அது கத மாதிரிதான ஆத்தா. யாரும் அதப் பொய்யின்னு சொல்ல மாட்டாங்க" என்றேன்.

"பொய்யா இருந்தப்ப ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றாள். "அப்ப சும்மா நெனச்சுத்தான் சொன்னேன். எத்தன தடவ போட்டாலும் கேப்பேன். இப்ப அது எல்லாம் நெசமா நடந்துருச்சுல்ல. கேக்க முடியல."

அழிப்பதற்கு ஒரு பொத்தானைத் தொட்டால் போதும். இந்தப் பக்கம் மகள் நிற்கிறாள், அந்தப் பக்கம் பாறைமேல் அம்மா நிற்கிறாள். மறைத்து வைக்க எனக்கு மனசு வரவில்லை. சொல்லிவிட்டேன்.

"ஒங்க அம்மா தெனம் சாயங்காலம் அதத்தான் ஆத்தா கேக்குறாங்க. கேட்டுட்டுத்தான் கஞ்சி வைக்கிறாங்களாம்."

"இப்பவுமா?"

"இப்பவும்தான்."

பின்னால் பிள்ளைகள் அடுத்ததைப் போடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப இருக்கட்டும் டீச்சர். அம்மா கேக்கட்டும். நான் இங்கன இருக்கயில மட்டும் போடாதீங்க."