இன்ஸ்பெக்டரின் எட்டுக் கேள்விகள்

அன்றைக்கு இன்ஸ்பெக்டர் கேட்ட எட்டுக் கேள்விகளும் இன்றும் எனக்கு வரிசை மாறாமல் மனப்பாடம். ஓசூரில் என் லேத் பட்டறையில் டிப்ளமா படித்த பையன்கள் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். அளவு தப்பிப்போனால் ஆறு பேரும் என்னிடம்தான் வந்து நிற்பார்கள். நான் படித்ததோ ஐந்தாம் வகுப்பு, அதிலும் தேறவில்லை. மூளை இல்லாமல் தேறாமல் போகவில்லை. அதை யாராவது தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. ராயக்கோட்டைச் சாலையிலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளி எங்கள் ஊர். பள்ளிக்கூடத்துக்கு ஒரே அறை, ஒரே வாத்தியார். அந்த வாத்தியார் என் தாய்மாமன். கல்யாணம் ஆகாதவர், மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். ஐந்தாவது தேறினால் ராயக்கோட்டைக்குப் போய் ஆறாவது சேரலாம், தினமும் பஸ் பார்க்கலாம். எனக்கு இருந்த ஆசையைவிட அம்மாவுக்கு இருந்த ஆசை பெரிது. காக்கி நிஜாருக்கு முன்கூட்டியே துணி எடுத்துப் பெட்டியில் வைத்திருந்தாள்.

ஐந்தாவதில் யார் தேறினார்கள் என்று எழுதுவது வாத்தியார் கையில் இல்லை. வருஷத்துக்கு ஒரு முறை இன்ஸ்பெக்டர் வந்து, பிள்ளைகளை ஒவ்வொருவராக நிறுத்தி, ஒரு கறுப்பு நோட்டைப் பார்த்துக் கேட்பார். பாதிப் பேர் தவறினால் வாத்தியாருக்குத் தளி பக்கத்துக் காட்டு ஊருக்கு மாற்றல் வந்துவிடும். எல்லா ஊர்ப் பிள்ளைகளையும் ஒரே படியால் அளக்க வேண்டும் என்பது சர்க்கார் எண்ணம். அதனால் எல்லா ஊருக்கும் அதே எட்டுக் கேள்விகள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தப் படி ஊர் ஊராகச் சைக்கிளில் வந்தது. அதற்கு ஒரு நாள் முன்னால் நான் நடந்தேன்.

குன்றுக்கு அந்தப் பக்கத்து ஊர் வாத்தியார் மாமாவுக்குச் சிநேகிதர். அங்கே செவ்வாய்க்கிழமை, எங்களுக்குப் புதன்கிழமை. அவருக்குப் பரீட்சைக்கு நிறுத்த ஒரு தலை குறைந்தது, மாமாவுக்குக் கேள்விகள் வேண்டியிருந்தன.

"நாளைக்கு நீ முனியப்பன். பேரு கேட்டா அதத்தான் சொல்லணும், தெரிதா?" என்றார் மாமா.

"அப்ப முனியப்பன் எங்க மாமா?"

"அவன் ஆட்டு மந்தையோட மாலூர்ப் பக்கம் போயி ஆறு மாசம் ஆவுது. ரிஜிஸ்டர்ல மட்டும் தெனமும் வந்துகிட்டிருக்கான்."

அந்த ஊர்ப் பையன்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். "ஏமிரா முனியப்பா, எப்புடு வச்சினாவு?" என்று எப்போது வந்தாய் என்கிற கேள்வியை ஆளுக்கு ஒரு தடவை கேட்டுச் சிரித்தார்கள். ஒருவன் என் ஆடுகளைப் பற்றி விசாரித்தான். இன்ஸ்பெக்டர் முனியப்பனைக் கூப்பிட்டபோது நான் அசையவில்லை. பக்கத்துப் பையன் விலாவில் குத்திய பிறகுதான் எழுந்தேன்.

எட்டுக்கு எட்டு சொன்னேன். மணிக்கு மூன்று மைல் நடப்பவன் ஏழரை மைல் போக எத்தனை நேரம், மறையும் சூரியனைப் பார்த்து நின்றால் இடது கை எந்தப் பக்கம், எல்லாம். இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "முனியப்பா, நீ மேலே படிக்கணும்" என்றார். அந்தப் பாஸ் மாலூர்ப் பக்கத்து மந்தைவரை போய்ச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது.

ஓட்டமும் நடையுமாகக் குன்றைத் தாண்டி வந்து, சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். மாமா மற்ற பதினோரு பேருக்கும் தலையாட்டியபடி சொல்லிக் கொடுத்தார். இருட்டும் முன் எல்லாருக்கும் பாடமாகிவிட்டது. பிறகு என்னைத் தனியாக அழைத்தார்.

"நாளைக்கு நீ இந்தப் பக்கம் தல காட்டக்கூடாது. அவுரு உன்ன முனியப்பனாப் பாத்துட்டாரு. நான் வந்து கூப்புடற வரைக்கும் ஏரிக்குப் போற வழியில இருக்கற பாறைக்குப் பின்னாடி உக்காந்திரு. அம்மாகிட்ட சொல்லாத."

"அப்ப எனக்குப் பரீட்ச?"

"உனக்கு எதுக்குடா பரீட்ச? எட்டுக்கு எட்டு சொன்னவன் நீ!"

எனக்கு மார்பு விம்மியது. பரீட்சை வேண்டாதவன் அந்த வட்டாரத்திலேயே நான் ஒருத்தன்தான் என்று நினைத்தேன்.

மறுநாள் அம்மா தலைக்கு எண்ணெய் வைத்து, திருநீறு பூசி, வெளுத்த சட்டையைப் போட்டு அனுப்பினாள். அந்தச் சட்டையோடு பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். ஒரு பிளவு வழியாகப் பார்த்தால் பள்ளிக்கூடத்து ஓட்டுக் கூரையும், சுவரில் சாய்த்த சைக்கிளும் தெரியும். பேச்சு காதுக்கு எட்டவில்லை. இப்போது முதல் கேள்வி கேட்டிருப்பார் என்று நானாகக் கணக்குப் போட்டு, பதிலை வாய்விட்டுச் சொன்னேன். எட்டும் முடிந்தது. மறுபடி முதலிலிருந்து சொன்னேன். பதினோரு பேருக்கும் பதினோரு தடவை. வெயில் ஏறியதும் பாறை சுட்டது; நிழல் போன பக்கமெல்லாம் நானும் நகர்ந்தேன்.

பிறகு சைக்கிள் போயிற்று. மாமா அதன் பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். பையன்கள் கத்திக்கொண்டு வெளியே வந்து, என் பாறையைத் தாண்டியே ஏரிக்குக் குளிக்கப் போனார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கூப்பிட வாயெடுத்தேன், மாமா சொல்லாமல் எழுந்திருக்கக் கூடாதே என்று அடக்கிக்கொண்டேன். மாடுகள் வீடு திரும்பும் நேரமாகியும் மாமா வரவில்லை. இன்ஸ்பெக்டரை உத்தனப்பள்ளியில் சைக்கிளோடு பஸ் ஏற்றப் போனவர் என்னை மறந்துவிட்டார். பசியோடு நானே எழுந்து வீட்டுக்குப் போனேன். எப்படிச் சொன்னாய் என்று அம்மா கேட்டாள். எட்டுக்கு எட்டு என்றேன். அது பொய்யில்லை.

ஒரு மாதம் கழித்து, மாற்றல் வராத சந்தோஷத்தில் மாமா பட்டியலைப் படித்தார். பதினோரு பெயர்கள். எல்லாருக்கும் முன்னால் கை தட்டியவன் நான். பதினோரு பாஸும் என் பாஸ் என்பதாக எனக்கு நினைப்பு. கடைசிப் பெயரைப் படித்ததும் வீட்டுக்கு ஓடினேன்.

"அம்மா, எல்லாரும் பாஸ்!"

"நீ?"

"எல்லாருக்கும் கேள்வி கொண்டாந்ததே நான்தானேம்மா!" என்று நடந்ததையெல்லாம் பெருமையாகச் சொன்னேன். களி கிண்டிக்கொண்டிருந்த அம்மா கிண்டிக்கொண்டே இருந்தாள்.

மத்தியானம் வழக்கம்போல மாமா வந்து கால் கழுவிவிட்டு உட்கார்ந்தார். அம்மா எனக்கு மட்டும் களி போட்டாள். சட்டியை மாமா முன்னால் வைத்துவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டாள். மாமா தானே ஒரு உருண்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். குழம்பு ஊற்றினார். வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்படியே என் தட்டுக்குத் தள்ளினார்.

"தின்னுடா" என்றார்.

மாமாவுக்கு இன்றைக்குப் பசியில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அதையும் நானே தின்றேன்.