நெற்றி பட்ட கண்ணாடி

இடது கைச் சுண்டுவிரல் நகத்தைக் கண்ணாடியின் மேல் வைத்து, மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுக்கிறாள் உனாய்சி. நகம் வழுக்கிக்கொண்டே போனால் அந்த போன் பிழைத்தது. நடுவில் ஏதாவது கீறலில் மாட்டி நின்றால் அதன் தலையெழுத்து முடிந்தது. அந்த ஒரு நகத்தை மட்டும் இந்த வேலைக்காகவே வளர்க்கிறாள். மற்ற நகங்கள் மரவள்ளி உரித்தும் துணி துவைத்தும் மொட்டையாகிக் கிடக்கின்றன.

சுவா என்ற தீவு நகரத்தின் கம்மிங் தெருவில், பர்மோத்தின் பழைய போன் கடையில், ஜன்னலோர மேசை அவளுடையது. வேறு யாராவது அதில் உட்கார்ந்தால் கண்ணாலேயே எழுப்பிவிடுவாள். ட்யூப் லைட்டின் மீது அவளுக்கு நம்பிக்கை கிடையாது. "அது எலக்‌ஷன்ல நிக்கிறவன் மாதிரி தம்பி. எல்லாத்தையும் பளபளன்னுதான் காட்டும். மழை வெளிச்சம்தான் உள்ளதை உள்ளபடி காட்டும்" என்பாள். சுவாவில் மழை வெளிச்சத்துக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை.

சிட்னியிலிருந்தும் ஆக்லாந்திலிருந்தும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும் பழைய போன்களையும் டேப்லெட்டுகளையும் தரம் பிரிப்பது அவள் வேலை. முதல் தரம், இரண்டாம் தரம் என்று பர்மோத் சீட்டு அச்சடித்து வைத்திருக்கிறான். அவள் வாயில் அந்தப் பெயர்கள் வருவதே இல்லை. கீறலே இல்லாதது 'சர்ச்சுக்குப் போறது'. சாய்த்துப் பார்த்தால் மட்டும் மெல்லிய சிராய்ப்பு தெரிவது 'சந்தைக்குப் போறது'. மூலை நசுங்கி, திரையில் செத்த புள்ளியோ மஞ்சள் திட்டோ விழுந்தது 'தோட்டத்துக்குப் போறது'. வீட்டில் துணிமணியை எப்படி அடுக்கி வைப்பாளோ, அப்படித்தான் இதையும் அடுக்குகிறாள்.

எடுப்பாள், கண்ணாடியில் 'ஹா' என்று ஊதுவாள், ஸ்பிரிட் நனைத்த மஞ்சள் துணியால் ஒரு சுற்றுத் துடைப்பாள், ஜன்னல் பக்கம் சாய்ப்பாள். கை இதையெல்லாம் தானாகவே செய்துவிடும். கண்ணும் மனசும் அதற்குப் பிறகுதான் வந்து சேரும். பர்மோத்தோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டே ஒரு பெட்டியைக் காலி செய்துவிடுவாள். சண்டைக்கும் வேலைக்கும் நடுவே ஒருநாளும் இடைவெளி விழுந்ததில்லை.

தேய்மானத்தைப் பார்த்தே ஆளைச் சொல்வாள். "இவ கோவக்காரி. மூணு மூலையும் சுவத்தைப் பாத்துட்டு வந்திருக்கு." "இவன் ராவும் பகலும் விளையாட்டு. ரெண்டு கட்டைவிரல் வெச்ச இடமும் வழுவழுப்பே போச்சு பாரு." திரையை வெள்ளையாக்கினால் எழுத்துப் பலகையின் நிழல் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் போனைப் பார்த்தால் மட்டும் கொஞ்சம் நிதானிப்பாள். "இசா! யாருக்கோ எழுதி எழுதி அழிச்சிருக்கு இந்தப் பொண்ணு" என்று முணுமுணுத்துவிட்டுத் தோட்டத்துக் கூடையில் போடுவாள். 'இசா' என்றால் அந்த ஊரில் 'ஐயோ பாவம்'.

அயல்நாட்டுப் பெட்டிகளில் இல்லாத ஒரு தேய்மானம் சுவாவின் வீடுகளிலிருந்து வரும் டேப்லெட்டுகளில் உண்டு. கண்ணாடியின் நடுவில், கொஞ்சம் மேலாக, ஒரு மங்கல் திட்டு. பிள்ளைகள் கடல் தாண்டிப் போன வீடுகளில், பேசி முடித்ததும் யாரும் கையசைத்துவிட்டு அணைப்பதில்லை. உச்சிமுகர்வதுதான் வழக்கம். மூக்கைத் திரையில் வைத்து ஒரு மூச்சு இழுத்த பிறகுதான் பொத்தானைத் தொடுவார்கள். அங்கே அந்தப் பிள்ளையும் தன் போனில் மூக்கை வைத்திருக்கும். வருஷக்கணக்கில் இப்படி முகர்ந்தால் எந்தப் பூச்சுதான் நிற்கும்? பர்மோத் இதற்கு 'மூக்குத் தேய்மானம்' என்று பெயர் வைத்துச் சிரிப்பான்.

"அதுக்காச்சும் தரத்தைக் குறைக்காம விடேன் அக்கா. அன்புதானே?"

"தேஞ்சா தேஞ்சதுதான். அன்புன்னு எழுதி மேல ஒட்டி விப்பியா?"

இந்தக் கறாரில்தான் அவனுக்குப் பாதி தலைமுடி கொட்டிப்போயிற்று. ஒருமுறை ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மகளுக்குப் பரிசு வாங்க வந்தார். பர்மோத் ஒரு போனைத் தாலாட்டாத குறையாகப் புகழ்ந்து, அவர் பையில் கை விட்ட நேரத்தில் ஜன்னலோரத்திலிருந்து குரல் வந்தது. "ஐயா, வலது பக்கம் மேல ஒரு புள்ளி செத்துக் கிடக்கு. திரையை வெள்ளையா வெச்சுப் பாத்துட்டு வாங்குங்க."

வாத்தியார் போன பிறகு பர்மோத் தலையில் கை வைத்துக்கொண்டான். "நீ கொஞ்சம் கண்ணை மூடிக்கிட்டா நான் கொஞ்சம் கண்ணைத் தொறந்து வாழலாம் அக்கா."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றியா? எனக்கு வராது. அதுக்கு வேற ஆளைப் பாரு."

அவன் வேறு ஆளைப் பார்க்கவில்லை. உனாய்சி பார்த்த போன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று சந்தையில் தாலோக் கிழங்கு விற்கும் பெண்களே சொல்கிறார்கள். அந்தப் பேச்சுதான் கடைக்குச் சோறு போடுகிறது என்பது அவனுக்கும் தெரியும்.

அவள் வீட்டில் இருக்கும் டேப்லெட், இதே கடையில் அவளே தரம் பார்த்துத் தோட்டத்துக் கூடையில் போட்டது. கீழ் மூலையில், யாரோ அதன்மேல் உட்கார்ந்ததுபோல, வெளிறிய ஒரு திட்டு உண்டு. அதன் வழியாகத்தான் ஞாயிறுதோறும் எமோரி வருவான். ஆஸ்திரேலியாவில் பழத்தோட்ட வேலைக்கென்று ஒப்பந்தத்தில் போன மகன். அந்த முதலாளியின் கொடுமை தாங்காமல் வேறு ஊருக்கு ஓடிப்போனான். அன்றோடு அவன் விசா செத்துப்போயிற்று. இங்கே வந்தால் திரும்பிப் போக வழியில்லை.

அவள் கணவன் இசோவா பஸ் ஓட்டியவன். சர்க்கரை வியாதியில் முதலில் ஒரு கால் போயிற்று, பிறகு படுக்கையே கதியென்று ஆயிற்று. வருகிறேன் என்று அழுத மகனை அவன்தான் தடுத்தான். "எதுக்குடா வரே? வந்து என் காலையா ஒட்ட வைக்கப் போறே? இருக்கிற எடத்துல இரு." சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் சிரித்து உனாய்சி பார்த்தது அதுதான் கடைசி.

இசோவாவைப் பாயில் கிடத்தி, பூ மணக்கும் தேங்காயெண்ணெய் பூசி, உறவெல்லாம் வரிசையாக வந்து நெற்றியில் மூக்கு வைத்து முகர்ந்து விடைகொடுத்தார்கள். எல்லோரும் முடித்தபோது டேப்லெட்டிலிருந்து எமோரியின் குரல் கேட்டது. "அம்மா, என்னையும் கொஞ்சம் அப்பா கிட்ட கொண்டு போயேன்." உனாய்சி டேப்லெட்டைக் கவிழ்த்து, கண்ணாடியை இசோவாவின் நெற்றியில் பதிய வைத்தாள். உள்ளிருந்து மகன் நீளமாக மூச்சிழுப்பது கேட்டது. அறையில் இருந்த ஆண்கள்கூடத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

எடுத்துப் பார்த்தபோது, மகன் முகத்தின் மேல் அப்பன் நெற்றியின் எண்ணெய்த் தடம் இருந்தது. அந்தச் சுருக்கங்கள்கூடக் கோடு கோடாகப் பதிந்திருந்தன.

"தொடைச்சிடாதேம்மா" என்றான் எமோரி. "நான் வர்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும். இப்ப நான் மோந்தது வெறும் கண்ணாடியைத்தான். வந்து அதுல ஒரு தடவை மூக்கை வைக்கணும்."

சாவு விழுந்த வீட்டில் நூறாவது இரவு வரை ஆளுக்கு ஒன்றை விலக்கி வைப்பார்கள். இசோவாவின் தம்பி சவரம் செய்துகொள்ளவில்லை. தங்கை டீயில் சர்க்கரை போடவில்லை. உனாய்சி அந்தக் கண்ணாடியைத் துடைப்பதில்லை என்று வைத்துக்கொண்டாள். நூறாவது இரவின் விருந்தோடு தம்பி தாடியை எடுத்தான், தங்கை சர்க்கரைக்குத் திரும்பினாள். உனாய்சி மட்டும் தன் விலக்கை முடித்துக்கொள்ளவில்லை. கேக் டின்னுக்குள் டேப்லெட்டைக் கண்ணாடி மேலே பார்க்க வைத்து, தூசி விழாமல் மூடி வைத்தாள். பேசும்போது ஓரத்தை மட்டும் தொடுவாள். முகர்வதைக்கூட விட்டுவிட்டாள். நாள் முழுக்க ஊரான் வீட்டுக் கண்ணாடியைத் துடைக்கிறவள், தன் மகனை எண்ணெய்ப் பிசுக்கின் வழியாகத்தான் பார்த்தாள்.

"இருக்காம்மா?" என்பதுதான் எமோரியின் முதல் கேள்வி. "இருக்கு" என்பாள். பிறகுதான் சாப்பாடு, மழை, சர்ச் எல்லாம். அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வேறு மாதிரிப் பேசினான். "போதும்மா இந்தப் பொழைப்பு. போலீஸ்ல போய் நானே சொல்லிட்டு ஊருக்கு வந்துடப் போறேன். அப்பா அங்க காத்துட்டு இருக்காருல்ல?" அன்று அவள் அடுப்பில் வைத்த கீரையைத் தேங்காய்ப்பாலோடு சேர்த்துத் தீய விட்டாள். மகன் வருகிறான் என்ற நினைப்பில் கருகிய கீரையும் அவளுக்கு ருசித்தது.

அந்த வாரம் டேப்லெட் சார்ஜ் ஏற மறுத்தது. ஓட்டையில் அழுக்கு அடைத்திருக்கும், பர்மோத் ஊசியால் எடுத்துவிடுவான் என்று டின்னோடு கடைக்குக் கொண்டுவந்தாள். அவன் சுத்தம் செய்து, டின்னில் வைத்து மூடாமல், அவள் மேசையில் கொண்டுவந்து வைத்தான். அதே நேரம் சிட்னிப் பெட்டி ஒன்று வந்து இறங்கியது. பிரித்தால், ஏதோ பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட டேப்லெட்டுகள். எல்லாம் அதே அளவு, அதே கறுப்பு. மேசை நிறைந்தது. மதியத்துக்குள் முடி அக்கா என்றான் பர்மோத். நீ முதலில் வாயை மூடு என்றாள் இவள். சண்டை சூடுபிடித்தது. எடுத்தாள், ஊதினாள், துடைத்தாள், சாய்த்தாள்.

ஒன்றைச் சாய்த்தபோது கீழ் மூலையில் வெளிறிய திட்டு தெரிந்தது.

வாய் பாதிச் சொல்லில் நின்றது. கண்ணாடி சர்ச்சுக்குப் போகும் அளவுக்குச் சுத்தமாக இருந்தது. அவள் அதை ஜன்னலில் இப்படிச் சாய்த்தாள், அப்படிச் சாய்த்தாள். தலைகீழாகத் திருப்பினாள். சின்னக் கீறலையும் விடாத அந்தக் கண்ணுக்கு அன்றைக்கு எதுவுமே கிடைக்கவில்லை. மஞ்சள் துணியை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தாள். அதில் ஸ்பிரிட் வாசனை மட்டும்தான் இருந்தது.

"இசா... இசா, இசோவா" என்றாள்.

அவள் சொல்லச் சொல்லத்தான் பர்மோத்துக்கு விஷயம் புரிந்தது. புரிந்ததும் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். மஞ்சள் துணியை அவள் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்தான். கடைசியில் மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, அவனுக்கு அங்கேருந்து எதுவும் தெரியப்போறதில்ல. இருக்குன்னு சொல்லிடு."

"இல்லாததை இருக்குன்னு சொல்லவா?"

"ஒரே ஒரு தடவை."

"ஒரு புள்ளிய மறைக்க வரல எனக்கு. இதை எப்படிடா மறைப்பேன்? இதுக்காகத்தானே வரேன்னான். வேலையத்த கை, வேலையத்த கை!" என்று வலது கையை மேசை விளிம்பில் அடித்துக்கொண்டாள். அவன் அந்தக் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. கணவன் செத்தபோது கட்டிவைத்த அழுகை முழுவதும் அந்தப் பழைய போன் கடையில் கொட்டித் தீர்ந்தது. அவள் அழுததைக் கம்மிங் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லோரும் பாடும்போது அவள் மட்டும் வாய்க்குள் ஒத்திகை பார்த்தாள். 'எமோரி, அம்மா தெரியாம தொடைச்சுட்டேன்டா.' நான்கு சொல்தான். அதைச் சொன்ன பிறகு அங்கே அவன் முகம் என்ன ஆகும் என்பதை நினைத்ததும் நான்காவது சொல்லுக்குப் போகாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். வீட்டுக்கு வந்து தாலோவை எடுத்து வைத்தாள், சாப்பிடவில்லை. டின்னைத் திறந்து டேப்லெட்டைக் கட்டிலில் வைத்து, எதிரே உட்கார்ந்தாள். வழக்கமான நேரத்துக்கு மணி அடித்தது.

அவள் எடுக்கவில்லை. எழுந்து, இசோவாவுக்குப் பூசிய எண்ணெயின் மிச்சம் இருந்த புட்டியை ஜன்னலிலிருந்து எடுத்தாள். உள்ளங்கையில் ஊற்றி நெற்றியில் தேய்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கட்டிலின் முன் மண்டியிட்டு, குனிந்து, கண்ணாடியில் நெற்றியை அழுத்தினாள். கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தபோது தடம் இருந்தது. இசோவாவின் நெற்றியைவிடச் சிறியதுதான். ஆனால் சுருக்கங்களுக்குக் குறைவில்லை. சுண்டுவிரல் நுனியால் ஓரத்துப் பொத்தானைத் தொட்டாள்.

"என்னம்மா இவ்வளவு நேரம்?" எண்ணெய்க்குப் பின்னாலிருந்து எமோரியின் முகம் கேட்டது. "இருக்கா?"

"இருக்குடா" என்றாள் உனாய்சி.

திரையின் மூலையில் அவள் முகம் தெரியும் சின்னக் கட்டம் இருந்தது. அதில் அவள் நெற்றி எண்ணெயில் பளபளத்தது. மகன் அடுத்த வார்த்தை பேசுவதற்குள், புருவத்துக்கு மேலே எதுவும் தெரியாதபடி, டேப்லெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டாள்.