முதலாளிக்கு யார் சாப்பாடு போடுவது?

என் பெரியண்ணன் கண்ணாடி வெட்டுகிறவர். அளவுகோலை வைத்து, கட்டரை ஒரே இழுப்பு இழுத்து, மேசை விளிம்பில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் கண்ணாடி சொன்ன இடத்தில் பிரிந்து வந்துவிடும். உலகத்தில் அவர் பேச்சைக் கேட்ட ஒரே பொருள் அதுதான் என்று நான் கேலி செய்வேன். அவருக்குச் சிரிப்பு வராது. மூக்கு மேல் கோபம் உட்கார்ந்திருக்கும் மனுஷனுக்குச் சிரிக்க எங்கே இடம்?

சின்னண்ணன் வேறு மாதிரி. சத்தம் போட மாட்டார். உள்ளுக்குள்ளேயே புகைந்து கொண்டிருப்பார், ஒரு வாரம் கழித்து வேறு ஏதோ காரணம் சொல்லிச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளுவார். கடையில் பெரியவர் வெட்டுவார், சின்னவர் பொருத்துவார். கடைக்குட்டியாகப் பிறந்த எனக்கு இரண்டு பேர் குணமும் வாய்த்திருக்கிறது என்பார் என் வீட்டுக்காரர். அவர் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

அந்த மீன்தொட்டியை இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்தார்கள். நகைக்கடைக் காட்சிப்பெட்டிக்கு வாங்கி, வேண்டாம் என்று திரும்பி வந்த தடித்த கண்ணாடி. பெரியவர் வெட்டினார், சின்னவர் சிலிக்கான் போட்டு ஒட்டினார். கட்டில் நீளம். கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவில் இருந்த அகலமான திறப்பில் அதை வைத்தார்கள், இரண்டு பக்கமிருந்தும் பார்க்கலாம். அடியில் சக்கர் மீன், நடுவில் ஏஞ்சல், கூட்டம் கூட்டமாக விரல்நுனி அளவே இருக்கும் டெட்ரா. இவற்றோடு விரல் நீளத்தில் வாங்கி வந்த ஒரு கௌராமி. அது வளர்ந்தது, வளர்ந்தது, இரண்டு கை சேர்த்துப் பிடிக்கும் அளவுக்கு வந்துவிட்டது. தாடையிலிருந்து மீசை மாதிரி இரண்டு நூல் தொங்கும். அது வந்தால் மற்றதெல்லாம் ஒதுங்கி வழிவிடும். அதனால் அதற்கு முதலாளி என்று பேர் வைத்தோம்.

பெரியதும் சிறியதும் ஒரே தண்ணீரில் இருந்தால் சாப்பாடு போடுவது ஒரு ஆள் வேலை இல்லை. ஒரே இடத்தில் போட்டால் முதலாளி ஒரு வாய் திறந்து எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும், மற்றவை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அதனால் பெரியவர் இடது கோடியில் நின்று பெரிய உருண்டைத் தீனியை முதலாளிக்குக் காட்டுவார். சின்னவர் வலது கோடியில் தூள் தீனியோடு தயாராக நிற்பார். பெரியவர் "ம்" என்பார். இரண்டு கையும் ஒரே நேரத்தில் திறக்கும். முதலாளி இந்தப் பக்கம் மென்று கொண்டிருக்கையில் அந்தப் பக்கம் சின்னதெல்லாம் வயிறு நிறைய சாப்பிட்டு முடித்துவிடும்.

கடையில் பெரிய கண்ணாடியைத் தூக்கும்போதும் அதே "ம்"தான். முன்னால் இருப்பவர் "ம்" என்றால் தூக்க வேண்டும், இன்னொரு "ம்" என்றால் இறக்க வேண்டும். அப்படித்தான் ஒரு நாள் முடிதிருத்தும் கடைக்கு ஆள் உயரக் கண்ணாடியைக் கொண்டுபோனார்கள். கடைக்கு மூன்று படி. நடுப்படியில் கண்ணாடி நழுவிச் சுக்குநூறாகிவிட்டது. வெயிலில் தெரு முழுக்கப் பளபளவென்று கிடந்ததாம்.

"நீதான்டா கைய விட்ட."

"நீ ம்னு சொன்ன, நான் இறக்கினேன்."

"நான் எங்கடா சொன்னேன்?"

அவ்வளவுதான் சண்டை. கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். அந்த ஒரு "ம்" சொன்னாரா சொல்லவில்லையா என்று ஆரம்பித்து, பழைய குப்பையெல்லாம் கிளறி, கடையைப் பிரித்து, வீட்டையும் பிரித்தார்கள். மூலை வீடு என்பதால் வசதியாகப் போயிற்று. பெரியவருக்குப் பெரிய தெருப் பக்கம் வாசல், சின்னவருக்குச் சந்துப் பக்கம். நடுவில் சுவர் எழுப்ப வந்த கொத்தனார், திறப்பில் உட்கார்ந்திருந்த தொட்டியைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இத என்னங்க பண்றது?"

"அப்படியே விட்டுச் சுத்திக் கட்டுய்யா," என்றார் பெரியவர். தொட்டியைத் தம்பிக்கு விட்டுக்கொடுக்க அவருக்கு மனசில்லை, அவர் எடுத்துக்கொள்ளத் தம்பி விடவில்லை.

"மீனையும் பாகம் பிரிச்சிடலாமா?" என்று கேட்டுவிட்டுக் கொத்தனார் தானே சிரித்துக்கொண்டார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

தம்பி முகம் கண்ணில் படக்கூடாது என்று பெரியவர் தொட்டியின் நடுவில் நீளமாக வளரும் செடிகளை வரிசையாக நட்டார். அது வேலி மாதிரி அடர்ந்துவிட்டது. மீன்களுக்கு வேலி ஏது? அவை பாட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தன. மோட்டார் சுவிட்ச் பெரியவர் பக்கம், விளக்கு சுவிட்ச் சின்னவர் பக்கம். மூடிக்கும் இரண்டு பக்கமும் திறப்பு உண்டு. அண்ணன் போட்டாரா என்று தம்பிக்குத் தெரியாது, தம்பி போட்டாரா என்று அண்ணனுக்குத் தெரியாது. கேட்டால் வாய் முத்து உதிர்ந்துவிடும். முதலாளி மட்டும் இரண்டு பக்கமும் போய் வாயைப் பிளந்து நின்று, இரண்டு வீட்டிலும் சாப்பிட்டு, வயிறு வீங்கிக் கவிழ்ந்து மிதக்கிற நிலைக்கு வந்துவிட்டது.

கடைசியில் தீனி விற்கும் மீன் கடைக்காரர்தான் பஞ்சாயத்து செய்தார். இரண்டு பேரிடமும் தனித்தனியாகச் சொன்னார். "சார், சின்னதெல்லாம் உங்க பொறுப்பு, காலையில போடுங்க. பெரிசு தம்பி பொறுப்பு, சாயங்காலம் அவர் போடட்டும். மாத்திப் போட்டீங்கன்னா அது வெடிச்சே போயிடும்."

பெரியவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து முதலாளி தம்பி கட்சி. காலையில் அது ஆசையாக வந்தால் வலைக் குச்சியால் ஓரமாகத் தள்ளிவிட்டு டெட்ராவுக்குத் தூவுவார். "போ, போய் உன் ஆளுகிட்டக் கேளு," என்பார். பெரிய அண்ணி இறந்த பிறகு, மகனும் வேலைக்கென்று வெளியூர் போன பிறகு, நாள் முழுக்க அவர் வாய்விட்டுப் பேசியது அந்த மீனிடம் மட்டும்தான் என்று நினைக்கிறேன். என்னிடமும் பேசுவார், ஆனால் ஒரு நிபந்தனை. சின்னண்ணன் என்று வாயெடுத்தால் போனை வைத்துவிடுவார். எத்தனையோ முறை வைத்திருக்கிறார்.

அந்த வாரம் நான் மகளின் பிரசவத்துக்காக வெளியூரில் இருந்தேன். ஒரு காலை நேரம் சின்ன அண்ணி போனில் அழுதாள். சின்னண்ணன் தொட்டிக்குப் பக்கத்திலேயே விழுந்துவிட்டார், ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, பேச்சு வரவில்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நான் உடனே பெரியவருக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, நம்ம சின்னண்ணன்..."

டொக். வைத்துவிட்டார். திரும்பப் போட்டேன், எடுக்கவில்லை. அதற்கப்புறம் போனையே அணைத்துவிட்டார். பச்சைக் குழந்தையையும் மகளையும் அப்படியே போட்டுவிட்டு வர முடியாமல் நான் அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அக்கம்பக்கத்தார் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். இந்த வீட்டுச் சேதியை அந்த வீட்டில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் அவர்கள். பட்டது போதும் என்று எப்போதோ வாயை மூடிக்கொண்டார்கள்.

அந்த வாரம் பெரியவர் வீட்டில் நடந்ததை அவரே பிற்பாடு என்னிடம் சொன்னார். முதலில் தொட்டியில் விளக்கு எரியவில்லை. வேண்டுமென்றே அணைத்து வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார். அடுத்து முதலாளி காலையில் மட்டுமில்லாமல் நாள் பூராவும் அவர் பக்கமே நிற்க ஆரம்பித்தது. கண்ணாடியில் வாயை வைத்து முட்டும். வாலால் தண்ணீரை அடித்து மூடியை நனைக்கும். பெரிய மீனுக்குக் கெஞ்சுவதே தொழில், கெஞ்சுகிறதே என்று இரக்கப்பட்டால் தொட்டி நாறிவிடும் என்பது அவருக்குத் தெரிந்த பாடம். குச்சியால் தள்ளினார். மறுபடி வந்தது. மறுபடி தள்ளினார்.

பிறகு டெட்ராக்கள் குறையத் தொடங்கின. ஒரு காலை தூள் தீனியைத் தூவிவிட்டுப் பார்த்தால் மேலே வர ஒன்றிரண்டுதான் மிச்சம். முதலாளி செடிக்குள் பதுங்கி நின்றது.

என் அண்ணன் புத்தி எங்கே போயிற்று என்று பாருங்கள். வேறு யாராக இருந்தாலும், அந்தப் பக்கம் சாப்பாடு போடுகிற ஆளுக்கு என்ன ஆயிற்று என்று யோசித்திருப்பார்கள். இவருக்குத் தோன்றியது, பெரியதைப் பட்டினி போட்டு என்னுடைய சின்னதையெல்லாம் தின்ன விடுகிறான் என்பது. ரத்தம் தலைக்கேறிவிட்டது. சட்டையைக்கூடச் சரியாகப் போடாமல், தீனி டப்பா கையோடு, வாசலைத் திறந்துகொண்டு தெருமுனை சுற்றிச் சந்துக்குள் போனார். சுவர் எழுந்த பிறகு அவர் அந்தச் சந்தில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. போனது சண்டை போட.

கதவில் பூட்டு. அதையும் விடாமல் தட்டியிருக்கிறார். எதிர் வீட்டு டெய்லர் வெளியே வந்தார்.

"சார், உங்களுக்குத் தெரியாதா? தம்பிய ஆஸ்பத்திரியில சேர்த்து நாளாச்சே. நான்தான் வண்டி எடுத்துட்டுப் போனேன்."

அன்றைக்குத்தான் நானும் ஊரிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்திருந்தேன். வார்டு வாசலில் பித்தான் மாற்றிப் போட்ட சட்டையோடு பெரியண்ணன் நின்றார். கையில் தீனி டப்பா. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்று வண்டியில் வரும்போதே சேர்த்து வைத்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் அவர் சட்டைப் பித்தானைத்தான் சரியாகப் போட்டுவிட்டேன். சின்ன அண்ணிதான் கேட்டாள்.

"கண்ணாடியத் தட்டினேனே மாமா. இவர விட்டுட்டு வர முடியல. அவ்வளவு தட்டினேன். உங்களுக்குக் கேக்கலையா?"

கேட்டிருக்கிறது. மீனை மிரட்டுவதற்காகத் தட்டுகிறார்கள் என்று நினைத்து ரேடியோவைச் சத்தமாக வைத்திருக்கிறார். அதை அங்கேயே, எல்லார் முன்னாலும், மறைக்காமல் சொன்னார். அண்ணி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

சின்னண்ணன் கண் திறந்துதான் படுத்திருந்தார். பெரியவர் கட்டிலோரம் போய் நின்றார். பிறகு குனிந்து, காதோரமாகச் சொன்னார்.

"ம் சொன்னது நான்தான்டா. நடுப்படியில மூச்சு வாங்கிச்சு, சொல்லிட்டேன். நீ சரியாத்தான் இறக்கின."

இத்தனை வருஷமும் நாங்கள் எல்லோரும் காத்துக் கிடந்த வார்த்தை. சின்னண்ணனின் நல்ல கை மெல்ல மேலே எழுந்தது. அண்ணனைத் தொடப்போகிறார் என்று நினைத்தேன். அது வேறு எதற்கோ எழுந்தது. ஐந்து விரலையும் குவித்தார், பிறகு விரித்தார். மறுபடி குவித்து விரித்தார். கண் பெரியவரின் முகத்தை விட்டு நகரவில்லை.

எங்களுக்குப் புரிய ஒரு நொடிகூட ஆகவில்லை. முதலாளிக்குச் சாப்பாடு போட்டாயா என்று கேட்கிறார்.

"போட்டேன்டா," என்றார் பெரியவர். "தினமும் போட்டேன்."

கை இறங்கியது. சின்னண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அன்று சாயங்காலம் பெரியவர் வீட்டுக்கு ஓடி உருண்டைத் தீனியைக் கையில் வைத்துத் தண்ணீருக்குள் நீட்டினார். முதலாளி நேராக வந்து அவர் உள்ளங்கையிலிருந்தே சாப்பிட்டது. தள்ளின குச்சியெல்லாம் அதற்கு ஞாபகம் இல்லை. எங்கள் வீட்டில் ரோஷம் கெட்ட ஜீவன் அது ஒன்றுதான்.

மறுநாள் விடிவதற்குள் சின்னண்ணன் போய்விட்டார். தினமும் போட்டேன் என்றது பொய் என்று சொல்லி மன்னிப்புக் கேட்கக் கூட அண்ணனுக்கு நேரம் கிடைக்கவில்லை. அத்தனை வருஷத்துக்கு அப்புறம் தம்பியிடம் பேசின பேச்சு நாலு வரி, அதில் கடைசி வரி பொய். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. சாவைக்கூட ஒரு வழியாகத் தாங்கிக்கொண்டார்.

செடிகளைப் பிடுங்கிவிட்டார். சுவர் இருக்கிறது. சாயங்காலமானால் முதலாளி பழக்கம் மாறாமல் சின்னவர் பக்கம்தான் போய் நிற்கும். அதனால் பெரியவர் டப்பாவை எடுத்துக்கொண்டு தெருமுனை சுற்றிச் சந்துக்குள் போகிறார். அண்ணி கதவைத் திறந்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாள், அதிகம் பேசுவதில்லை. அவர் விளக்கைப் போட்டு, மூடியைத் தூக்கி, உருண்டை உருண்டையாகப் போடுவார். டெட்ரா இப்போது இல்லை, அதனால் ஒரு ஆள் போதும். போட்டு முடித்ததும், பக்கத்தில் யாரோ நிற்கிற மாதிரி, "போட்டேன்டா," என்பார். இப்போது அது பொய் இல்லை. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.