கழுவிப்போன களிமண்

எங்கள் பெரிய அண்ணி நல்லவள், கடவுளுக்குத் தெரியும். சின்ன அண்ணி கோர் கொட்டகையில் வேலைக்குச் சேரும்வரை நிம்மதியாகவும் இருந்தாள்.

சுரங்கம் தோண்டும் முன் பூமியில் துளை போட்டுப் பார்ப்பார்கள். இயந்திரம் உள்ளே இருக்கிற பாறையை உருளை உருளையாக மேலே கொண்டுவரும். அதற்குத்தான் கோர் என்று பேர். சேறு போகத் துடைத்து, வந்த வரிசை மாறாமல் பெட்டியில் அடுக்குவது எங்கள் மூவருக்கும் வேலை. பெரிய அண்ணி, தூங்குகிற பிள்ளையின் முகத்தைத் துடைப்பது போல ஈரத்துணியால் துடைப்பாள்.

சின்ன அண்ணி குழாயால் தண்ணீர் பீய்ச்சிப் பிரஷ் போட்டாள். அவளுக்கு வந்தது கெட்டிப் பாறை, தாங்கியது. பாறை பார்க்க வரும் அதிகாரியைக் கல்லு சார் என்போம். அவர் அவள் பெட்டி முன்னால் நின்றுவிட்டார்.

"அடடா, கண்ணாடி மாதிரி இருக்கே! கொட்டகைக்கு ஒரு பொறுப்பாளரைப் போடணும்னு இருக்கேன், பாக்கலாம்."

அந்தப் பொறுப்புக்குப் பெரிய அண்ணி எத்தனையோ வருஷமாகக் காத்திருந்தாள். அவர் போனதும் என்னிடம் பொரிந்தாள்.

"நேத்து வந்தவ! கல்லைக் கழுவுறாளா, அந்த ஆளு கண்ணைக் கழுவுறாளா?"

"போகட்டும் அண்ணி," என்றேன்.

"நீ சும்மா இரு. உனக்கு எல்லாரும் சாமிதான்."

மறுநாள் அவளும் பிரஷ்ஷும் குழாயும் எடுத்தாள். அவளுக்கு வந்த கோரில், பாறைக்கு நடுவே ஒரு கை அகலத்துக்குச் சாம்பல் நிறக் களிமண். பூமிக்குள் பாறை உடைந்து நகர்ந்த இடம் அது. சுரங்கச் சுவர் எங்கே சரியும் என்று அதை வைத்துத்தான் சொல்வார்கள். அதில் தண்ணீர் படக் கூடாது என்று எங்களுக்குச் சொன்னவளே அவள்தான். ஆனால் கண் முழுக்கப் பக்கத்து மேஜையில், சின்ன அண்ணி மேல். திரும்பிப் பார்த்தபோது களிமண் கரைந்து வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. குழாயைக் கீழே போட்டாள்.

சின்ன அண்ணி ஓடி வந்து தணிந்த குரலில் சொன்னாள்: "அக்கா, ரெண்டு பக்கக் கல்லையும் நெருக்கி வெச்சுடலாம். நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்."

பெரிய அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உன் தயவுல நான் பொழைக்கணுமாடி? காலம் பூரா என்னைப் பாத்து மனசுக்குள்ள சிரிக்கவா?"

கையைத் துடைத்துக்கொண்டு நேரே போய்க் கல்லு சாரை அழைத்து வந்தாள்.

"சார், இங்க களிமண் இருந்துச்சு. நான்தான் தண்ணியப் பீய்ச்சிக் கரைச்சுட்டேன். இவ்வளவு." காலியான இடத்தில் தன் உள்ளங்கையை வைத்துக் காட்டினாள்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நீங்களே இப்படிப் பண்ணலாமா?" பிறகு அந்த இடத்தில் ஒரு மரக்கட்டையை வைத்து அடையாளம் எழுதினார். "நல்லவேளை, இடத்தை மூடாம விட்டீங்க."

பொறுப்பு சின்ன அண்ணிக்குப் போனது. முதல் நாளே அவள் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "களிமண் வந்தா அக்கா கைக்குத்தான் போகணும். வேற யாரும் தொடக் கூடாது."

என்ன நல்ல மனசு என்று கொட்டகையே மெச்சியது. பெரிய அண்ணி ஈரத்துணியைப் பிழிந்தபடி என் காதருகே குனிந்தாள்.

"பாத்தியா? நல்ல பேரையும் அவளே எடுத்துக்கிட்டா."